பாதியில் எந்திரிக்கக் கூடாது

— அதைத் தொடாத, தம்பி. முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காரு.

— மவுஸை லேசா அசைச்சாத்தான் அண்ணி, திரை முழிக்கும்.

— அசைச்சா அவரும் அசைஞ்சுடுவாரே.

— யாரு?

— உங்க அண்ணன்தான். உள்ள நிக்கிறாரே, கவசமும் இரும்புத் தொப்பியுமா. நாப்பத்தேழு நாளா மேசை துடைக்கும்போதுகூட அந்த எலிக்குட்டியைச் சுத்தித்தான் துடைக்கிறேன். துணி பட்டு அவர் எங்கயாவது குழியில போய் விழுந்துட்டா யார் பதில் சொல்றது?

— அப்போ அண்ணன் போன அன்னையிலேர்ந்து நீங்க இதை அணைக்கவே இல்லையா?

— அணைக்க நான் யாரு? அன்னைக்கு எல்லாரும் கிளம்பினப்புறம் இந்த ரூமுக்குள்ள வந்தேன். திரை கறுத்துக் கிடந்துச்சு. இதுவும் போயிடுச்சுன்னே நினைச்சேன். அப்புறம் கீழ குனிஞ்சு பெட்டி மேல கை வெச்சேன். சூடா இருந்துச்சு. உள்ள காத்தாடி ஓடுற சத்தம். அன்னையிலேர்ந்து தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கை வெச்சுப் பார்க்கிறேன்.

— காய்ச்சல்காரனுக்குப் பார்க்கிற மாதிரி.

— கிண்டல் பண்ணு. நல்லாப் பண்ணு. அன்னைக்கு ஓடியாடி எல்லா வேலையும் நீதான் பார்த்த, நான் இல்லைங்கல. ஆனா இந்த ரூம் வாசலை மட்டும் நீ தாண்டல. நான் கவனிச்சேன்.

— முடியல அண்ணி.

— சரி விடு. விஷயத்துக்கு வா. போன்ல சொன்னேன் இல்ல? பில்டிங் முழுக்கப் பழைய வயரைப் பிடுங்கிட்டுப் புதுசு போடுறாங்க. பன்னெண்டு மணிக்கு மெயினை அணைச்சா மூணு நாளைக்கு வராது. இப்ப மணி பதினொண்ணு. இதுல அவர் எங்க நிக்கிறாரோ, எப்படி நிக்கிறாரோ, அதை அப்படியே பத்திரப்படுத்திக் குடு. உனக்குத்தான் அந்த வித்தை எல்லாம் தெரியும்.

— இதுல பத்திரப்படுத்த ஒண்ணுமே இல்ல அண்ணி. அதாவது, இந்தக் காலத்து மெஷின் எல்லாத்தையும் தானே எழுதி வெச்சுக்கும். பேசாம சுவிட்சை அணைச்சுடலாம். வயர் வேலை முடிஞ்சதும் நான் வந்து போட்டுத் தர்றேன்.

— ஏன் தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஆடுறதுல சேவ் பண்றதே கிடையாதுன்னு மார் தட்டிக்குவீங்களே. ‘சேவ் பண்ணி ஆடுறவன் எல்லாம் ஆட்டக்காரனா’ன்னு. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டீங்க, கேட்டா அதான் காரணம்.

— அது... ஆமா. அந்த ஆட்டம் அப்படித்தான். மூடினா போச்சு.

— பின்ன எதுக்கு என்கிட்ட வேற மாதிரி சொல்ற?

— சும்மா, நீங்க மனசை அலட்டிக்க வேண்டாமேன்னு. ஒண்ணு பண்ணலாம். போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கலாமா?

— படம் என்கிட்ட ஆயிரம் இருக்கு. கல்யாணத்துல மூக்கு விடைச்சுக்கிட்டு நிக்கிறதுலேர்ந்து. இது படமில்ல, தம்பி. இது இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.

— அண்ணி...

— இந்த வீட்ல அவர் தொட்டு நடந்துக்கிட்டிருக்கிறது இது ஒண்ணுதான். கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறது நான். தண்ணி பிடிக்கிறது நான். இதை மட்டும்தான் அவர் போட்டுட்டுப் போனார். புரியுதா?

— புரியுது.

— அப்போ ஆரம்பி.

— ஆரம்பிக்கிறேன். இருங்க. எங்களுக்கு ஏன் அந்தப் பழக்கம் வந்துச்சுன்னு அண்ணன் உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கானா?

— பேச்சை மாத்தாத.

— மாத்தல. அதாவது, எங்க முதல் மெஷினைப் பத்திச் சொன்னானா?

— பென்சில் டப்பா சைஸ்ல ஒண்ணு, டிவியில மாட்டணும்னு சொல்லியிருக்கார். மிச்சம் நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா எண்ணாத்தான் பேசுவீங்க. அத்தனை கேபி, இத்தனை எம்பின்னு. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவேன்.

— பதினாறு கேபி அண்ணி. உங்க போன்ல தினமும் ஒருத்தர் காலை வணக்கம்னு பூப்படம் அனுப்புறாங்க இல்ல? அந்த ஒரு பூவுக்குள்ள எங்க மெஷின் மாதிரி இருபது அடங்கும். கீ எல்லாம் ரப்பர். அமுக்கினா செத்த பல்லி மேல விரல் வெச்ச மாதிரி இருக்கும்.

— சீ.

— நிஜமா. எனக்குப் பத்து வயசு, அவனுக்குப் பதினாலு. ஆட்டம் கேசட்ல வரும். டேப் ரெக்கார்டர்ல போட்டு ஓட விட்டா, கீச்சு கீச்சுன்னு ஊரைக் கூட்டுற மாதிரி கத்தும். ஏழு நிமிஷம் கத்தினப்புறம்தான் ஆட்டம் உள்ள ஏறும். அப்பாவுக்கோ அச்சாபீஸ்ல ராத்திரி வேலை. பகல் முழுக்கத் தூக்கம். டிவி இருந்ததும் அவர் கட்டில் பக்கத்துல.

— அப்புறம் எப்படி ஆடினீங்க?

— அண்ணன் டேப் மேல தலகாணியை வெச்சு, அது மேல குப்புறப் படுத்துக்குவான். ஏழு நிமிஷம். அசையமாட்டான். அப்பா புரண்டு படுத்தா எங்களுக்கு உசுரே போயிடும். ஆறாவது நிமிஷத்துல அவர் இருமினா அண்ணனுக்குத் தூக்கிப் போடும், டேப் அதிர்ந்து தப்பாயிடும். மறுபடி முதல்லேர்ந்து.

— இது சொல்லல அவர்.

— வாயைத் திறந்து பேச முடியாது. அப்பா அச்சாபீஸ்லேர்ந்து தப்பாப் போன பேப்பர் கொண்டு வருவார். பின்பக்கம் வெள்ளையா இருக்கும். அதுல எழுதித்தான் பேசிக்குவோம். ஒரே கீபோர்ட்தானே? இடது பக்கத்துக் கீ அவனோடது. கப்பலை ஓட்டுறது. வலது பக்கம் என்னோடது. சுடுறது. அவனுக்கு இடது கை கீ மேல, வலது கையில பென்சில். எனக்கு நேர்மாறு. அதனாலதான் என் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரி இருக்கு.

— ஓ. அதான் ஆட்டத்துக்குள்ள உங்களுக்கு இடது, வலதுன்னு பேரா?

— அதேதான். நாப்பது வருஷமா மெஷின் பதினஞ்சு மாறியிருக்கும். பேர் மாறல.

— அவர் அடுப்படியில வந்து நின்னு, ‘இன்னைக்கு வலதுக்கு லீவு, நான் ஒரு மணிநேரம் உக்காரட்டா’ன்னு கேப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அம்பத்துநாலு வயசு மனுஷன் பர்மிஷன் கேக்கிற மூஞ்சியைப் பார்த்தா சிரிப்பும் வரும்.

— வியாழக்கிழமை. எனக்கு அன்னைக்குத்தான் லிஃப்ட் ரிப்பேர் வேலை இல்ல.

— தெரியும். அவர் போனதும் வியாழக்கிழமைதான். சொல்லு. அப்புறம்?

— அப்புறம் என்ன. கப்பல் ஒண்ணு, ஆள் ரெண்டு. அதாவது, ஒருத்தன் எந்திரிச்சா ரெண்டு பேரும் செத்தோம். அந்த மெஷின்ல எதையும் எழுதி வைக்க முடியாது. ரெண்டு மணிநேரம் ஆடினது ஒரு நொடியில காலி. அதனால அண்ணன் ஒரு விதி போட்டான். பாதியில எந்திரிக்கக் கூடாது. காகிதத்துல எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

— நீயும் போட்ட.

— போட்டேன். ஒரு நாள் எனக்கு மூத்திரம் முட்டிக்கிட்டு வந்துடுச்சு. பதினேழாவது கட்டம். அதுவரைக்கும் நாங்க போனதே இல்ல. எந்திரிக்கலையே! ட்ராயரோட... அங்கேயே...

— அட கர்மமே!

— அண்ணன்தான் தரையைத் துடைச்சான். அம்மா கேட்டதுக்குத் தண்ணி கொட்டிட்டேன்னு தன் மேல பழியைப் போட்டுக்கிட்டான். ஸ்கூல்ல அவன் கூட்டாளிங்ககிட்ட எல்லாம், ‘என் தம்பி மாதிரி எவனும் கிடையாது, எந்திரிக்கவே இல்ல’ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். என்னை யாரும் அதுக்கு முன்னாடி அப்படிச் சொன்னதில்ல.

— இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க. வர்றேன், வர்றேன்! யாருங்க?

— எலக்ட்ரீஷியன், மேடம். தப்பா நினைக்காதீங்க. பன்னெண்டுன்னு சொல்லியிருந்தோம். மேல் மாடி வேலை சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. பதினொண்ணரைக்கே மெயினை எடுத்துடுவோம்.

— இன்னும் பத்து நிமிஷம்தானே இருக்கு! சொன்ன நேரத்துக்குச் செய்யக்கூடாதா நீங்க?

— நம்ம கையில ஒண்ணுமில்ல மேடம். மேஸ்திரி சொல்றார். ஃப்ரிட்ஜ்ல பால் கீல் இருந்தா எடுத்துடுங்க. மேடம், நீங்க ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுக்கிறவங்கதானே?

— ஆமா. ஏன்?

— போன வருஷம் என் மச்சானுக்கு நீங்கதான் எடுத்தீங்க. வாயுப் பிடிப்புன்னு சொல்லிக்கிட்டு வந்தவன். பேப்பர் முழுசா வர்றதுக்குள்ள நீங்க டாக்டரைக் கூட்டிட்டு ஓடி வந்தீங்களாம். இல்லன்னா அன்னைக்கே ஆள் இல்ல. எங்க வீட்ல இன்னும் உங்களைப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

— நல்லா இருக்காரா?

— குத்துக்கல்லு மாதிரி இருக்கான் மேடம். அந்த ரூம்ல ஏதோ ஓடுதே, அதையும் அணைச்சுடுங்க. மெயின் போகும்போது ஓடிக்கிட்டிருந்தா கெட்டுடும்.

— அதுக்குத்தான் ஆளை வரவழைச்சிருக்கேன். நீங்க போங்க.

— சரிங்க மேடம்.

— கேட்டியா தம்பி? பத்து நிமிஷம். உன் புராணத்தை நிறுத்து.

— பயப்படாதீங்க. கீழ யூபிஎஸ் இருக்கு. கரண்ட் போனாலும் பத்து பன்னெண்டு நிமிஷம் தாங்கும்.

— பத்தும் பன்னெண்டும் இருபத்திரெண்டு. உனக்கு வேண்டியது எவ்வளவு?

— அதைத்தான் யோசிக்கிறேன்.

— நீ யோசிக்கல. அந்த எலியையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்க. வந்ததிலேர்ந்து பார்க்கிறேன். முதல்ல தொடப்போன. நான் வேண்டாம்னதும் உன் மூஞ்சியில ஒரு நிம்மதி. என்ன அது?

— நிம்மதியெல்லாம் இல்ல. எத்தனை மெஷின், எவ்வளவு தூரம் வந்துட்டோம்னு யோசனை. அதாவது, கேசட் போய் ஃப்ளாப்பி வந்துச்சு. ஒரு ஆட்டத்துக்கு ஏழு ஃப்ளாப்பி. ஆறாவதுல எப்பவும் தகராறு. அண்ணன் அதை எடுத்து ஊதுவான், சட்டையில தேய்ப்பான், கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான். அப்புறம் ஹார்ட் டிஸ்க். நாப்பது எம்பி. இதை நம்ம ஆயுசுக்கும் நிரப்ப முடியாதுன்னு சொன்னான்.

— நான் கல்யாணமாகி வந்தப்ப ஒரே ஒரு ரூம். அதுல பாதி அந்த மெஷின். அந்தப் பழைய மானிட்டர், கருங்கல்லு மாதிரி. வாரா வாரம் உன்னோடதையும் நீ பஸ்ல தூக்கிட்டு வருவ. கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கேட்டார்னு சொன்னியே.

— கேட்டார். மடியில வெச்சிருந்தேன். ‘குழந்தைக்கு எத்தனை வயசு?’ன்னார்.

— சிரிக்க வைக்காத. எனக்கு அப்போ எவ்வளவு கோபம் தெரியுமா? புருஷன்கூட வெளிய போகலாம்னு புதுப் புடவை கட்டிக்கிட்டு நிப்பேன். நீ வாசல்ல மூச்சு வாங்கிக்கிட்டு மானிட்டரோட நிப்ப.

— நீங்க ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்ல அண்ணி.

— உன் எதிர்ல சுளிக்கல. அப்புறம் போன் வயர்ல மாட்டினீங்களே ஒண்ணு, மோடமோ என்னமோ. எங்க அம்மா கூப்பிட்டா ‘கீ...’ன்னு பேய் கத்துமாம். ‘உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆயிடுச்சா’ன்னு பதறிக்கிட்டு நேர்ல வந்துட்டாங்க.

— அந்த மோடம் வந்தப்புறம் நான் மானிட்டரைத் தூக்கிட்டு வர்றதை நிறுத்திட்டேன்.

— ஆமா. அதுக்கப்புறம் நீ வர்றதே குறைஞ்சு போச்சு.

— அதான் அண்ணி. அதைத்தான் நாப்பத்தேழு நாளா நினைச்சுக்கிட்டே இருக்கேன். முதல் மெஷின்ல அவன் முழங்கை என் விலாவுல இடிக்கும். அடுத்ததுல அறைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவுல ஒரு வயர். அப்புறம் அவன் வீட்ல அவன், என் வீட்ல நான். மெஷின் வளர வளர நாங்க தள்ளித் தள்ளி உக்காந்தோம். இப்போ திரையில ஒரு புல்லு அசையறது தெரியுது. அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவன் எப்படி இருக்கான்னு மட்டும் தெரியாது.

— போன் பேசலாமே? காதுல மாட்டிக்கிட்டு எல்லாரும் பேசிக்கிட்டே ஆடுறாங்களே இப்ப.

— எங்களுக்கு ஆட்டத்துல பேசவே வராது. அப்பா எழுந்துடுவார்னு பழகினது. அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னும் எழுதித்தான் காட்டிக்குவோம். டைப் பண்ணி.

— விளக்கு போயிடுச்சு.

— மெயினை எடுத்துட்டாங்க. அது பீப் பீப்புன்னு கத்துறது யூபிஎஸ். பயப்படாதீங்க, மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

— தம்பி, இப்ப செய். கெஞ்சிக் கேக்கிறேன். அந்த எலியை அசை.

— அண்ணி, வேண்டாம். இது இப்படியே போகட்டும். உங்களுக்கு அவன் நிக்கிற மாதிரியே மனசுல இருக்கட்டும். நான் சொல்றதைக் கேளுங்க.

— நகரு.

— அண்ணி!

— நகருன்னு சொன்னேன். அசைக்க எனக்கும் கை இருக்கு. இதோ, வந்துடுச்சு. ஐயோ. மழை பெய்யுது தம்பி, உள்ள. இத்தனை நாளா மழையிலயா நிக்கிறார்?

— அது... அந்தக் கட்டத்துல எப்பவும் மழைதான்.

— கோட்டை வாசல்ல சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிறார். இங்க பாரு, தோள் ஏறி இறங்குது. மூச்சு விடுறார்.

— சும்மா நிக்கும்போது அப்படி அசையற மாதிரி செஞ்சிருப்பாங்க அண்ணி. எல்லா பொம்மையும் அப்படித்தான்.

— இருக்கட்டும். நீ வாயை மூடு. நான் பார்க்கிறேன். அன்னைக்கு சாயந்திரம் அடுப்படித் தரையில அவர் கிடந்தப்ப இதைத்தான் பார்த்தேன். தோள் ஏறுதா இறங்குதான்னு. ஒரு கையில டம்ளர். தண்ணி குடிக்கப் போயிருக்கார். என் கண்ணு தோளை விட்டு நகரவே இல்ல.

— அண்ணி, பார்த்துட்டீங்க இல்ல? போதும். மூடிடவா?

— இரு. கீழ என்னமோ எழுத்து இருக்கு. என் கண்ணாடி எங்க?

— அது ஆட்டத்துல வர்ற குறிப்பு. ஒண்ணுமில்ல.

— ‘வலது வெளியேறிவிட்டார்’. நீதானே வலது? வெளியேறிட்டியா நீ?

— ஆமா.

— அதுக்கு மேல... இது நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டதா? அன்னைக்கு எழுதினதா? அவர் எழுதினதும் இருக்கா?

— படிக்காதீங்க அண்ணி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.

— கையை எடு. ‘இடது: காலையிலேர்ந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா.’

— அண்ணி...

— ‘வலது: என்ன மாதிரி?’ ‘இடது: அழுத்துது. கொஞ்சம் எந்திரிச்சுப் படுக்கட்டா?’ ‘வலது: இப்பவா? முப்பத்தொம்பதாவது அலை. விதி மறந்துட்டியா? பாதியில எந்திரிக்கக் கூடாது.’

— போதும்.

— ‘வலது: பத்து நிமிஷம் தாங்கு.’ ‘இடது: சரி.’ ‘வலது: இடப்பக்கம் பாரு, இடப்பக்கம்.’ ‘வலது: தூங்கிட்டியா?’ ‘இடது: இல்ல.’ ‘வலது: முடிஞ்சுதுடோய்! நாப்பது வருஷத்துல இதான் பெஸ்ட்!’ ‘வலது: போ கிழவா, இப்ப போய்ப் படு.’ ‘வலது: அண்ணே.’ ‘வலது: போயிட்டியா? சரி, நானும் சாப்பிடப் போறேன்.’

— அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்.

— அடிங்க அண்ணி. ஏதாவது சொல்லுங்க. இப்படி திரையையே பார்க்காதீங்க.

— முழுசா ஆடியிருக்காரா? அந்தப் பத்து நிமிஷமும்?

— ஆடினான். பதினாலு நிமிஷம். ஒரு குறி தப்பல. அலை அலையா வந்த எதிரியில அவன் பக்கத்துலேர்ந்து ஒருத்தனும் கோட்டைக்குள்ள வரல. நெஞ்சு அழுத்தறவன் இப்படி ஆடுவானான்னு நினைச்சேன். வாயுவா இருக்கும்னு நினைச்சேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட எல்லாம் அதைத்தான் சொல்லுவேன். பத்து நிமிஷம், பத்து நிமிஷம், தாங்குங்கன்னு. வாய்ல அதுதான் வருது. கை அதைத்தான் அடிச்சுடுச்சு.

— ம்.

— பக்கத்துல உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும் அண்ணி. அவனுக்கு வேர்த்திருக்கும். முழங்கை ஈரமா என் மேல பட்டிருக்கும். அந்த ரப்பர் கீ மெஷினா இருந்திருந்தா என் அண்ணன் செத்திருக்கமாட்டான்.

— அழாத. மூச்சு விடு.

— அதனாலதான் அன்னைக்கு இந்த ரூமுக்குள்ள வரல. நீங்க கூப்பிட்டப்ப, கரண்ட் போயிடும்னு சொன்னீங்க பாருங்க, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. போனா இந்த எழுத்தும் போயிடும். வேற எங்கயும் இது பதிவாகாது. கதை பேசிப் பேசி நேரத்தைக் கடத்தலாம்னுதான் உக்காந்தேன். நான் அவ்வளவு கேவலமானவன்.

— அந்த யூபிஎஸ்ல இன்னும் எவ்வளவு நேரம் காட்டுது?

— நாலு நிமிஷம். அண்ணி, உங்ககிட்ட இன்னொண்ணும் மறைச்சேன். வழி இருக்கு. மெஷினைத் தூங்க வைக்கலாம். இப்ப உள்ள இருக்கிறதை அப்படியே டிஸ்க்ல எழுதிக்கிட்டுத் தூங்கிடும். கரண்ட் வந்து எழுப்பினா, இதே வாசல், இதே மழை. ஒரு நிமிஷ வேலை.

— இந்த எழுத்தும் இருக்குமா?

— இருக்கும். ஒரு புள்ளி மாறாது. நான் செஞ்சுடறேன். அதாவது, செய்யத்தான் வேணும். அவன் ‘காலையிலேர்ந்து’ன்னு எழுதியிருக்கான் பாருங்க. காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கைகிட்டகூட சொல்லாம தனியாப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கான். கடைசியில ஒரே ஒருத்தன்கிட்ட சொன்னான். அந்த ஒருத்தன் நான்.

— கையை எடு தம்பி. தூங்க வைக்க வேண்டாம்.

— நீங்கதானே அப்படியே வேணும்னீங்க?

— இப்ப வேண்டாம். தானா அணையட்டும்.

— எனக்காகப் பார்க்காதீங்க அண்ணி. இது இருக்கணும். நாளைக்கு நீங்க என்னை மன்னிச்சுட்டாக்கூட, மறுபடி எழுப்பிப் படிக்கணும். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு.

— உனக்காக இல்ல.

— பின்ன?

— இதுல நீ சொன்னது மட்டும்தான் எழுத்துல இருக்கு. இதை வெச்சுக்கிட்டா ஆயுசுக்கும் உன்னை மட்டும்தான் காட்டும்.

— நான் மட்டும்தானே சொன்னேன்?

— காலையில ஆறரை மணிக்கு முதல்ல என்கிட்டதான் சொன்னார், தம்பி. ‘நாள் முழுக்க அந்தப் பெட்டி முன்னாடி குனிஞ்சு கிடந்தா நெஞ்சு வலிக்காம என்ன செய்யும்’னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், ஓடிப் போய் அன்னைக்கு முப்பத்தாறு பேருக்கு ஈசிஜி எடுத்தேன்.